கிழப் பூனைக்கும் ஒரு காசு

தெருவோரத்தில் கைவிடப்பட்ட கிழப் பூனையொன்றை எடுத்துவந்து, அதன் மருத்துவச் செலவுக்காகப் பிறரிடம் கையேந்தும் ஒருவரை உலகம் எளிதில் விட்டுவிடுவதில்லை. “மனிதர் பட்டினி கிடக்கையில் பூனைக்குப் பணமா? அதுவும் இன்றோ நாளையோ சாகப்போகும் பூனைக்கா?” என்று கேட்கிறது. இக்கேள்வியை இகழ்ந்து ஒதுக்கிவிட இயலாது. ஆனால், இது இன்று பிறந்த கேள்வியன்று. வரலாறு இதனைப் பலமுறை கேட்டிருக்கிறது, விடையும் கூறியிருக்கிறது.

முதலில் மன்னர் ஒருவரின் கொடையைப் பார்ப்போம். 1277-இல் இறந்த எகிப்தியச் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோ நகரத்துப் பூனைகளின் உணவுக்கென ஒரு தோட்டத்தையே அறக்கட்டளையாக எழுதிவைத்தார் என்பது வழிவழியாக வந்த செய்தி. 1836-இல் எகிப்தியர் வாழ்வைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் இதனைக் குறித்துள்ளார். அவர் காலத்திற்குள் தோட்டம் பல கைகள் மாறி, வருவாயும் அற்பமாய்ச் சுருங்கிவிட்டது. ஆயினும் காதியின் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல்தோறும் பூனைகளுக்கு இறைச்சித் துண்டுகள் கிடைத்துவந்தன. மன்னர் தந்த நிலம் கரைந்தது. வழக்கம் நிலைத்தது.

உணவு கிடைத்த பூனைக்கு மருந்து கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஐரோப்பாவில் கால்நடை மருத்துவம் இரக்கத்தினால் மட்டும் பிறந்ததன்று. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றியபோது, கொள்ளைநோயால் மாடுகள் மடிவதைத் தடுப்பது அதன் பெருநோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. 1791-இல் லண்டனில் எழுந்த கல்லூரியின் கவனமெல்லாம் குதிரையின்மேல் இருந்தது. குதிரைக்கு விலை உண்டு. பசுவுக்கும் விலை உண்டு. விலையைத் தொடர்ந்தே மருந்து சென்றது. சந்தையில் விலைபோகாத பூனைக்கு, அதிலும் எலி பிடிக்கும் வலுவும் இழந்த கிழப் பூனைக்கு, யார் செலவிடுவார்? இந்த இடைவெளியில்தான் அறச்செயலுக்கு வேலை பிறந்தது. லண்டனில் 1897-இல் தோன்றிய ‘வாயில்லா நண்பர்கள் சங்கம்’ 1906-இல் விக்டோரியா பகுதியில் ஒரு விலங்கு மருத்துவமனையைத் திறந்தது. பிற்காலத்தில் ‘நீலச் சிலுவை’ என்று பெயர் பெற்றது இச்சங்கமே.

பதினோராண்டுகள் கழிந்து, அதே நகரின் கிழக்கே இன்னும் எளிய தொடக்கம் ஒன்று நிகழ்ந்தது. மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகளான மரியா டிக்கின் ஏழைகளின் இல்லங்களைச் சந்தித்து வந்தவர். அங்கே சொறி பிடித்த நாய்களும், காயம்பட்டுச் சாக்கடையோரம் இரைதேடும் பூனைகளும் அவர் நெஞ்சை வருத்தின. அவற்றின் சொந்தக்காரர்கள் கொடியவர்கள் அல்லர். மருத்துவருக்குக் கொடுக்கக் காசற்றவர்கள். 1917 நவம்பர் 17 அன்று, வைட்சாப்பலில் ஒரு நிலவறையில் இலவச மருந்தகத்தைத் திறந்தார் அவர்.

அந்த நாளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்திற்கு முன்னர்தான், நவம்பர் 10-இல், பாசன்டேல் பெரும்போர் முடிந்திருந்தது. இலட்சக்கணக்கான வீரர்கள் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்த போர் அது. வீடுதோறும் துயரம், கடைதோறும் உணவுத் தட்டுப்பாடு. “இது பூனைக்கு மருந்திடும் காலமா?” என்ற கேள்வி கூர்மையாக எழுவதற்கு அதைவிட உகந்த நாள் கிடையாது. ஆனால் அக்கேள்விக்கு விடையளித்தவர்கள், பசியை நன்கறிந்த அந்த ஏழைகளே! தத்தம் பூனையையும் நாயையும் கைகளில் ஏந்தி அவர்கள் திரண்டு வந்தார்கள். விரைவிலேயே நிலவறை போதாமல், மருந்தகம் பெரிய இடத்திற்கு மாறியது. மனிதத் துன்பம் மனிதரின் இரக்கத்தைத் தீர்த்துவிடுவதில்லை என்பதை அந்தக் கூட்டம் காட்டிற்று.

எதிர்ப்பும் இருந்தது. முறையாகக் கற்றுத் தேறாதவர்கள் சிகிச்சை அளிக்கலாகாது என்று கால்நடை மருத்துவர்கள் வாதிட்டனர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. அன்பு மட்டும் மருந்தாகாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலைத் தகுதி பெற்றவர்களுக்கே உரியதாக்க முனைந்தது. அதே 1948 ஜூலையில் பிரிட்டனில் மனிதர்க்கான இலவச தேசிய மருத்துவச் சேவையும் தொடங்கிற்று. மனிதரின் நோய்க்கு அரசு பொறுப்பேற்றது. விலங்கின் நோய்க்கு அப்படியொரு கை நீளவில்லை. மருத்துவத்தின் தரம் உயர்ந்தது. செலவும் உடன் உயர்ந்தது. அந்தச் சுமையை உரிமையாளர்களும் கொடையாளர்களுமே தாங்க வேண்டியதாயிற்று. மரியா டிக்கின் 1951-இல் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் கொடைகளை நம்பி இன்றும் மருத்துவமனைகளை நடத்தி வருகிறது.

இன்று வீட்டுப் பூனைகள் பதினைந்து ஆண்டுகளையும் கடந்து வாழ்கின்றன. ஆயுள் நீண்டதும் முதுமை நோய்கள் வெளிப்பட்டன. சிறுநீரகம் தளர்கிறது, பற்கள் சீழ்பிடிக்கின்றன. தின்னத் தின்ன உடல் மெலியச் செய்யும் தைராய்டு மிகைநோய் பூனைகளிடம் உண்டென்பதே 1979-இல்தான் தெளிவாக அறியப்பட்டது. முன்பு “வயதாகிவிட்டது” என்று கைவிடப்பட்ட மெலிவுகளுள் ஒரு பகுதி, மருந்தால் தணியக்கூடிய நோயே என்று இப்போது தெரிகிறது. தெரிந்தபின் “சாகப்போகும் பூனைதானே” என்று சொல்வது அத்துணை எளிதன்று.

ஆயினும் பணம் திரட்டுவோர்க்கும் கடமைகள் உண்டு. ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுதல் ஒன்று. திரண்ட தொகை இருக்கிறதே என்பதற்காகத் தீராத வலியை நீட்டாதிருத்தல் மற்றொன்று. நலமாக்க முடியாத விலங்குக்கு வலியற்ற முடிவைத் தருவதும் அந்த மருந்தகங்களின் பணியாகவே இருந்தது. திரட்டும் பணம் நம் மனநிறைவுக்காக அன்று, அவ்வுயிரின் ஆறுதலுக்காக.

கிழப் பூனை எதையும் திருப்பித் தராது. பால் இல்லை, உழைப்பு இல்லை, விற்றால் விலையும் இல்லை. ஆகவேதான் அதற்கென இடப்படும் ஒரு காசு, கொடுப்பவரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. பயனற்றது என்று சந்தை ஒதுக்கிய உயிரை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்பதே அவ்வுண்மை. அவ்வாறு கணக்கில் சேர்க்கக் கற்ற சமுதாயம், உழைத்து ஓய்ந்த தன் முதியவர்களையும் கணக்கில் விடுவதற்குச் சற்றேனும் கூசும்.