விமானமில்லாத விமானப்படை நிலையங்கள்



விமானப்படை நிலையம் என்றதும் நீண்ட ஓடுபாதையும் வரிசையாக நிற்கும் விமானங்களும்தான் நம் மனக்கண்முன் வரும். இவை ஒன்றுமே இல்லாத விமானப்படை நிலையங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தப்பிப் பிழைத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருகிறதல்லவா? வானொலி அலையும் அவ்வாறே விமானத்தில் பட்டுத் திரும்பும். 1935 பிப்ரவரி 26-ஆம் நாள், டேவன்ட்ரி என்னும் ஊரில், ராபர்ட் வாட்சன் வாட், ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற இருவரும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதற்குப் பயன்பட்டவை பி.பி.சி. வானொலியின் அலைகளே! உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு ராடார் நெருங்கிய உறவு என்று சொல்லலாம்.

1937-இல் பாட்சி என்னும் இடத்தில் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1939-இல் போர் மூண்டபோது கிழக்கு, தெற்குக் கடற்கரைகளில் ஏறத்தாழ இருபது நிலையங்கள் இருந்தன. அலையை அனுப்பும் இரும்புக் கோபுரம் 360 அடி உயரம். நான்கைந்து தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது போல! திரும்பி வருவதை வாங்கும் மரக் கோபுரம் 240 அடி.

கீழே ஒரு குடிலில் கண்ணாடித் திரையை உற்றுப் பார்த்தபடி ஒருவர் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் இளம் பெண்கள். திரையிலுள்ள ஒளிக்கோடு ஓரிடத்தில் வளைந்தால், அதோ விமானம்! செய்தி உடனே தொலைபேசி வழியே பென்ட்லி பிரயரி என்ற தலைமையகத்துக்குப் போகும். இதனால் என்ன லாபம்? பிரிட்டனிடம் போர் விமானங்கள் குறைவு. அவை எதிரியைத் தேடி வானத்தில் வீணே சுற்ற வேண்டியதில்லை. தரையில் காத்திருந்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய திசையில் கிளம்பினால் போதும்.

1940 ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஜெர்மானியர் டோவர், ரை, பெவன்சி, வென்ட்னர் ஆகிய நான்கு நிலையங்களின்மீது குண்டு வீசினர். மூன்று சில மணி நேரத்தில் மீண்டும் வேலை செய்தன. வென்ட்னர் மட்டும் பல நாள் முடங்கியது. அது தெரியாதபடி வேறொரு கருவியிலிருந்து அலைகளை அனுப்பிக் கொண்டே இருந்தார்கள். கோபுரங்களும் எளிதில் விழவில்லை. சட்டங்களுக்கிடையே வெடிப்பின் வேகம் ஊடுருவிப் போய்விடும். இவற்றைத் தாக்கிப் பயனில்லை என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் எண்ணினார். அந்தப் போரில் அவர் செய்த பெரிய தவறுகளில் இது ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

ஆகஸ்ட் 18-இல் போலிங் நிலையம் தாக்கப்பட்டது. அங்கே தொலைபேசியில் இருந்தவர் ஜோன் ஹெர்ன் என்ற பெண். குண்டுகள் சுற்றிலும் விழுந்து வெடித்தபோதும் அவர் இடத்தை விட்டு எழவில்லை. எதிரி விமானங்களின் போக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தார். போர்முனையில் நிற்கும் வீரர்களுக்கு அக்காலத்தில் தரப்பட்டு வந்த ராணுவப் பதக்கம் அவருக்கும் அளிக்கப்பட்டது.