உட்கார்ந்து குடித்தவர்கள்

நாகர்கோவிலில் போன மாதம் ஒரு புதுக் காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். சாயங்கால நேரம், உட்கார இடமில்லை. விலைப்பட்டியலில் தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், கொட்டையின் ரகம் எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். கொட்டைக்குக்கூடப் பிறப்பு கேட்கிற காலம்! பறித்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

காப்பி நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரத் துரைமார் அசம்பு மலையில் காப்பி போட்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். இலங்கையில் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குத் தென்தமிழகத்துப் பள்ளரும் பறையரும் சக்கிலியரும் நடந்தே போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் அங்கே இலைநோய் வந்து காப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாற்றப்பட்டதும் இதே கைகள்தான்.

விளைவித்தவன் இப்படி. குடித்தவன் கதை வேறு. காப்பி கிளப்புகளில் பார்ப்பனர்களுக்குத் தனியிடம் இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளில் இந்தப் பிரிவினை ஒழிய 1941 வரை ஆயிற்று. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் சிறை போனார்கள், மறு ஆண்டு பலகை இறங்கியது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கிராமத்துச் சாயாக்கடை வாசலில் அப்படியொரு தொடர் மறியல் ஏன் நடக்கவில்லை என்று நாம் கேட்காமல் யார் கேட்பது?

இங்கே 1936லேயே கோயில் திறந்தாயிற்று என்று பெருமை பேசுவார்கள். கோயில் திறந்தது, சாயாக்கடை பெஞ்சு திறக்கவில்லை. எங்க அப்பா அறுப்புக்குப் போன ஊரில் கடைக்காரர் பார்ப்பனர் அல்ல. "வெளிய நிண்ணு செரட்டையில வாங்கிக் குடிப்போம் மக்கா. குடிச்சிட்டு வேலியில சொருவி வச்சிரணும், நாளைக்கும் அதுதான்" என்பார். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பிறகும் இதே நிலைமைதான். அந்தக் கடைக்குப் பலகையே கிடையாது, அழிப்பதற்கு எழுத்தும் இல்லை.

இதை எந்த அரசாங்கக் காகிதத்தில் தேடுவது? தோழர்கள் அவரவர் வீட்டுக் கிழவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: எந்தக் கடையில், எந்த ஆண்டில் சிரட்டை போய்க் கண்ணாடித் தம்ளர் வந்தது? யார் சண்டை போட்டு வந்தது? எங்கள் ஊரில் எழுபதுகளின் கடைசியில் வந்தது. அதுவும் தனித் தம்ளர், கழுவி வைப்பது நாங்கள்தான்.