கோப்புகளைப் பழுதின்றிச் சேமித்தல்

மின்சாரம் திடீரென நின்றுபோயினும், இயங்குதளம் நிலைகுலைந்து உறைந்துபோயினும், அவ்வேளையில் சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்த கோப்பின் பழைய வடிவமோ புதிய வடிவமோ பூரணமாக வட்டில் எஞ்சியிருக்கும்படி மென்பொருளை அமைக்கும் முறை பழுதற்ற சேமிப்பு எனப்படும். பாதி பழையதும் பாதி புதியதுமான கோப்போ, ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்போ எந்தச் சந்தர்ப்பத்திலும் மிஞ்சலாகாது என்பதே இதன் இலட்சணம்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், ஒரு நிரல் ‘ரைட்’ என்னும் அழைப்பின் மூலம் தரவை ஒப்படைத்தவுடன், இயங்குதளம் அதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, காரியம் முடிந்ததென்று மறுமொழி கூறிவிடுகிறது; வட்டில் எழுதுவதோ பின்னர், தனக்கு வசதியான வேளையில். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இவ்வாறு காத்திருக்கும் தரவு ஏறத்தாழ 30 விநாடிகள் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். வேகத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், நிரல் எழுதிய கிரமத்திலேயே தரவு வட்டைச் சென்றடையும் என்ற நிச்சயமும் இதில் இல்லை; நஷ்டங்களிற் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததனால் விளைந்தவையே.

இருக்கும் கோப்பைத் திறந்து, உள்ளதை அழித்து, அதன்மேலேயே புதியதை எழுதுவது எளிய வழி. ஆபத்தான வழியும் அதுவே. அழித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையே கணினி நின்றுவிட்டால், பழையது போய்ப் புதியதும் வாராத நிலை உண்டாகிறது. ஆகவே, அதே கோப்பகத்தில் வேறொரு பெயரில் தற்காலிகக் கோப்பொன்றை உண்டாக்கி, உள்ளடக்கம் முழுவதையும் அதில் எழுதி, ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பினால் அது வட்டைச் சேரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே ‘ரீநேம்’ அழைப்பினால் அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுவது உத்தமமான முறையாக நிலைபெற்றுள்ளது. பெயர்மாற்றம் பிளவுபடாத செயல் என்பது, இவ்வியங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தின் விதி. அப்பெயரைத் தேடிவரும் எந்த நிரலும் பழையதையோ புதியதையோ காணுமேயன்றி, பெயரே இல்லாத இடைவேளையைக் காணாது. தற்காலிகக் கோப்பு அதே கோப்பகத்தில் இருக்க வேண்டுவதன் காரணமும் இதுவே: ஒரு கோப்பு முறைமையிலிருந்து மற்றொன்றுக்கு இவ்விதம் பெயர்மாற்றம் செய்ய இயலாது. இறுதியில் கோப்பகத்தின்மீதும் எஃப்சிங்க் செய்தல் வேண்டும். கோப்பின் பெயர் பதிவாகியிருப்பது கோப்பில் அன்று, கோப்பகத்தில்.

எஃப்சிங்க் என்னும் நடுப்படியைத் தவிர்த்தால் நேர்வது யாதென்பதை 2009-ஆம் ஆண்டுச் சம்பவம் காட்டிற்று. அதற்குமுன் லினக்ஸில் வழங்கிய எக்ஸ்ட்-3 கோப்பு முறைமை, தன் இயல்பான அமைப்பில், தரவை வட்டில் சேர்த்த பிறகே பெயர்மாற்றத்தைப் பதிவு செய்யும். ஆதலால் எஃப்சிங்க் செய்யாத நிரல்களும் அநேகமாகத் தப்பிவந்தன. அடுத்து வந்த எக்ஸ்ட்-4, தரவுக்கு வட்டில் இடம் ஒதுக்குவதையே தாமதப்படுத்திற்று. பெயர்மாற்றம் முன்னும் தரவு பின்னுமாகச் சேர்ந்தமையால், கணினி நிலைகுலைந்து மீண்டபோது பயனர்களின் அமைப்புக் கோப்புகள் பல வெறுமையாய்க் கிடந்தன. எஃப்சிங்க் செய்யாத நிரலுக்குத் தரம் எதையும் உறுதியளிக்கவில்லை என்பது எக்ஸ்ட்-4-இன் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவரான தியடோர் சோவின் வாதம். விதியின்படி அவர் கூற்று சரியே. எனினும், சாமானியப் பயனர் இழந்தது விதியை அன்று, தம் கோப்புகளை என்பதும் சரியே. லினக்ஸ் 2.6.30 பதிப்பில், பெயர்மாற்றத்துக்கு முன் தரவை வட்டுக்கு அனுப்பும் பரிகாரம் சேர்க்கப்பட்டது.

வட்டுச் சாதனத்துக்கும் தனக்கென ஓர் உள்நினைவகம் உண்டு. மாக் கணினிகளில் எஃப்சிங்க் தரவைச் சாதனம்வரை கொண்டுசெல்லுமேயன்றி, அவ்வுள்நினைவகத்தைக் காலிசெய்யும்படி வற்புறுத்துவதில்லை. அதற்கு வேறொரு கட்டளை உண்டு.

சிறு மாறுதலுக்கெல்லாம் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதுதல் தரவுத்தளங்களுக்கு இயலாதாகையால், வணிகர் நாட்குறிப்பில் பதிந்த பின்னரே பேரேட்டில் ஏற்றுவதுபோல, அவை மாறுதலை முதலில் பதிவேட்டில் எழுதி உறுதிசெய்துகொள்கின்றன. இம்முறையை விரிவாக வகுத்த ஏரீஸ் என்னும் ஆய்வுரையை, ஐபிஎம் நிறுவனத்தின் சி. மோகனும் உடனாய்வாளரும் 1992-இல் வெளியிட்டனர். ஆயினும் இத்தகைய ஏற்பாடுகளிலும் பிழை நுழைவது எளிது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளையும் உடனாய்வாளரும் 2014-இல், பெரிதும் பயன்படும் 11 மென்பொருள்களை ஆராய்ந்து, நிலைகுலைவின்போது பழுதுண்டாக்கும் 60 குறைகளைக் கண்டனர்.

எஃப்சிங்க் தோல்வியடையவும் கூடும். வட்டில் எழுத முடியாதபோது லினக்ஸ் அப்பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு, நினைவகத்திலுள்ள தரவை எழுதி முடித்ததாகவே குறித்துக்கொள்ளும் என்பதும், மறுமுறை கேட்டால் வெற்றி என்றே மறுமொழி வரும் என்பதும் 2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தாருக்குத் தெரியவந்தன. அதன்பின் அத்தரவுத்தளம், எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் தன்னையே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து தரவை மீட்டெடுக்குமாறு திருத்தப்பட்டது. பதிவேடில்லாத சாதாரண நிரலோ, பெயர்மாற்றத்தைச் செய்யாது பழைய கோப்பை அப்படியே விட்டுவைத்து, சேமிப்பு நிறைவேறவில்லை என்பதைப் பயனருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும்.