கோழிக்கறியும் ஹலால் சான்றிதழும்: கொங்குநாடு கடந்து வந்த பாதை

ஹலால் என்பது மார்க்கத்தோடு பிறந்த சட்டம்; ஹலால் சான்றிதழோ ஐம்பது ஆண்டுகளே கண்ட ஏற்பாடு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்ந்துகொள்ளக் கொங்குநாட்டின் கறிக்கடை வரலாறே போதுமானது.

கோவையின் கோட்டைமேடு, உக்கடம் போன்ற பகுதிகளில் கறி வாங்கிய முந்தைய தலைமுறையினர் எவரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை. கடைக்காரர் எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர், தொழுகையில் எப்படி, கொடுக்கல் வாங்கலில் எப்படி என்பதெல்லாம் தெருவே அறிந்த செய்தி. பிஸ்மி சொல்லி அறுப்பது கண்ணெதிரே நடந்தது. அறுப்பவரை அறிந்திருந்ததே அன்றைய சான்று.

பெருநகரங்கள் உருவானபோது இந்த அறிமுகம் மட்டும் போதவில்லை. ஆகவே இஸ்லாமிய ஆட்சிகள் 'முஹ்தஸிப்' என்னும் சந்தைக் கண்காணிப்பாளரை நியமித்தன. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபின் கடமைகளை விளக்கி எழுதிய நூலில் கறிக்கடைக்காரர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. வாங்குபவர் காண முடியாததை அவருக்காக நம்பிக்கைக்குரிய ஒருவர் காண வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

கொங்குநாட்டில் அந்தத் தேவையைக் கொண்டுவந்தது பிராய்லர் கோழி. 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பின. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. ஏறத்தாழ நாற்பது நாட்களில் கோழி விற்பனைக்கு வந்துவிடும். பல்லடம் வட்டாரம் கறிக்கோழியின் தலைமையிடமாயிற்று. இன்று உணவகத்தில் தட்டில் வரும் கோழி எங்கே வளர்ந்தது, யார் அறுத்தார் என்பதை உண்பவர் அறியார். பல நேரங்களில் உணவக உரிமையாளரும் அறியார். பொதிந்து உறையவைத்த கறியில் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது.

இதே இடைவெளியை முன்னரே சந்தித்த மலேசியாவில் 1974இல் அரசின் இஸ்லாமிய விவகாரப் பிரிவு ஹலால் சான்று வழங்கத் தொடங்கியது. சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றம் 1978இல் அப்பணியை ஏற்றது. 1997இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், 'ஹலால்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. இந்தியாவில் உணவகம் நடத்த உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். ஹலால் சான்று கட்டாயமன்று. அதனை ஜம்இய்யத்துல் உலமாவின் ஹலால் அறக்கட்டளை, சென்னையின் ஹலால் இந்தியா போன்ற அரசு சாரா அமைப்புகள் வழங்குகின்றன.

கோவையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இங்குள்ள இராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபினர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து குடியேறிய மாப்பிள்ளைமார் ஷாஃபிஈ மத்ஹபினர். வேண்டுமென்றே பிஸ்மியை விட்டு அறுத்ததை ஹனஃபி மத்ஹப் ஏற்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சொல்வது சுன்னத். இருவரும் ஒரே மேசையில் உண்ணும் ஊரில், சான்று தருவோர் பேணுதலான நிலையைக் கைக்கொள்வதே இருவருக்கும் மன அமைதி தரும்.

சான்றிதழ் நிலையானதும் அன்று. இலங்கையில் எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2013 மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுப் பொருட்களில் ஹலால் முத்திரையை விலக்கிக்கொள்ள முன்வந்தது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்குரியவை நீங்கலாக, ஹலால் சான்று பெற்ற பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. முத்திரை அகற்றப்படலாம்; ஹலாலைப் பேணும் கடமை அதனால் அகன்றுவிடுவதில்லை.

அதற்காக ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என அறியாத நிலையில், நீங்கள் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). அறுத்தவர் முஸ்லிம் எனத் தெரிந்த இடத்தில் நல்லெண்ணம் கொள்ளவே இது கற்பிக்கிறது. அறுத்தவர் யாரென்றே தெரியாத இடத்தில் விசாரிப்பது பேணுதல்.

ஆகவே உணவகத்தில் கனிவோடு கேட்போம்: கறி எங்கிருந்து வருகிறது? அறுப்பவர் யார்? சான்று உணவகத்துக்கா, கறி தருபவருக்கா? அதன் காலக்கெடு முடிந்துவிட்டதா? வாசலில் எழுதிய 'ஹலால்' என்ற சொல் உரிமையாளரின் வாக்குறுதி மட்டுமே. அது சான்றிதழ் ஆகாது. திருக்குர்ஆன் (2:168) ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே கூறுவதால், சமையலறைத் தூய்மையும் நம் கேள்வியில் இடம்பெறட்டும். உரிமையாளர்களும் இக்கேள்விகளைக் குறையாக எண்ணாமல் அமானிதமாக ஏற்கட்டும். அன்று தெரு செய்த கண்காணிப்பை இன்று கேட்பவரும் விடை சொல்பவரும் சேர்ந்தே செய்ய வேண்டியிருக்கிறது.

அல்லாஹ் நம் உணவையும் சம்பாத்தியத்தையும் ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.