நாகப்பட்டினம் முதல் சுங்கை பீசி வரை: உடல் தகுதித் தேர்வின் கதை

பாகான் செராய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பயின்று, பின்னர் இடைநிலைப் பள்ளியிலும் நல்ல தேர்ச்சி பெற்று, படைத்துறை அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞனை யான் அறிவேன். ஓட்டத்தில் முந்தினான், கேள்விகளுக்குத் தயங்காது விடை கூறினான். இறுதியில் மருத்துவர் அவன்முன் ஒரு நூலை விரித்தார். பல நிறப் புள்ளிகள் நிறைந்த வட்டம் ஒன்று அதில் இருந்தது. “இதில் என்ன எண் தெரிகிறது?” என்று வினவினார். இளைஞனுக்கு எண் எதுவும் தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டினார், அதிலும் தெரியவில்லை. சில நிமிடங்களில் அவனது பல்லாண்டுக் கனவு முடிந்தது.

அவனுக்கு நிறக்குருடு இருந்தது. பிறப்பிலேயே அமைந்த அக்குறையைப் பதினெட்டாம் வயதில், அந்த அறையில்தான் அவன் அறிந்துகொண்டான். தொடக்கப்பள்ளியில் இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டியபோது அவனைக் கவனமற்றவன் என்று கடிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்களுள் யானும் ஒருவன்.

அந்நினைவே இக்கட்டுரைக்கு வித்து. படையில் சேர விரும்புவோரை நிறுத்தி அளக்கும் அத்தேர்வு எங்கிருந்து வந்தது? அதில் நம் மக்களின் இடம் யாதாக இருந்தது? இவற்றை வரலாற்று நோக்கில் காண்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

கப்பலேறும் முன் ஒரு தேர்வு

மலாயாத் தமிழர் உடல் தகுதித் தேர்வைப் படைவழியாக அறியவில்லை, தோட்டவழியாகவே அறிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நாகப்பட்டினத்து முகாமில் காத்திருந்தனர். வேலைக்கு ஏற்ற உடலா, தொற்றுநோய் உண்டா என்று அங்கே பார்க்கப்பட்டது. கடலைக் கடந்தபின் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். அதன்பின்னரே கிரியான் மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களுக்குப் பயணம். இன்று நெல் வயல்களுக்கும் எண்ணெய்ப் பனைக்கும் பெயர் பெற்ற இம்மாவட்டம் ரப்பர் வருவதற்கு முன்னர்க் கரும்பு விளைந்த மண் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அத்தேர்வின் நோக்கம் வெளிப்படையானது. மண்வெட்டி பிடிக்கும் கைக்கு வலிமை உண்டா என்பதே வினா. அக்கைக்கு உரியவனின் நலம் அன்று வினாவாகவில்லை. தகுதி உடையவர் என்று கரையேறியவர்களைத் தோட்டத்து வாழ்வு விரைவிலேயே தகுதியிழக்கச் செய்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயின. கிள்ளானில் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கிக் காட்டிய பின்னரே, நோய் தலைவிதியன்று, தடுக்கக்கூடியது என்னும் எண்ணம் நிருவாகத்தில் வேரூன்றியது.

மலேரியாவுக்கு அடுத்து நின்றது கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் புழு அது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒன்று மலாயா, ஜாவா, பீஜி ஆகிய இடங்களில் இதனை ஆராய்ந்தது. தோட்டத் தொழிலாளர் ‘சோம்பேறிகள்’ என்று தூற்றப்பட்டமைக்குக் குருதிச்சோகையும் ஒரு காரணமாக இருந்தது என்பதை இன்று நாம் எளிதில் உணரலாம். மூச்சிரைத்து நின்றவனின் இரத்தத்தை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவன் குணத்தையே குறை கூறினர்.

தைப்பிங்கின் துப்பாக்கி, கிரியானின் மண்வெட்டி

பாகான் செராயிலிருந்து தைப்பிங் தொலைவன்று. இன்று காரில் ஒரு மணி நேரத்திற்குள் சேர்ந்துவிடலாம். 1896-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற மலாய் மாநிலக் காவற்படைக்கு அந்நகரமே தலைமையிடம். அப்படையில் பெரும்பாலோர் சீக்கியரும் பட்டாணியருமாவர். ஒரே இந்தியாவிலிருந்து வந்தவர்களுள் வடபுலத்தார் கையில் துப்பாக்கியும், தென்புலத்தார் கையில் மண்வெட்டியும் தரப்பட்டமை ஏன்?

விடை மருத்துவரின் அளவு நாடாவில் இல்லை. ஆள்வோரின் கொள்கையில் இருந்தது. ‘போர்க்குல’க் கொள்கை என்று அதனைக் குறிப்பர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை வகித்த பிரடெரிக் ராபர்ட்ஸ் அக்கொள்கையின் முதன்மையான ஆதரவாளர். தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்பது அவர் முடிவு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குத் தென்னகத்தை வென்று தந்த சிப்பாய்களுள் தமிழர் பலர் இருந்தனர் என்பதை அம்முடிவு மறந்தது. சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையில் தமிழர் தொடர்ந்து பணியாற்றினரேனும், காலாட்படையில் அவர்கள் இடம் சுருங்கிக்கொண்டே சென்றது. தேர்வறைக்குள் நுழையுமுன்னரே ஓர் இனம் முழுமையும் தகுதியற்றது என்று எழுதப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகின்றேன். தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். ‘பெரேடு’ என்னும் படைச்சொல்லே அவ்வாறு மருவியது என்பர். படையின் வரிசை நமக்குக் கிடைத்தது. படைவீரனின் மதிப்பு மட்டும் கிடைக்கவில்லை!

1943 கொண்டுவந்த மாற்றம்

அம்முடிவைப் பொய்யாக்கியவர்கள் தோட்டத்து மக்களே. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்த முன்வந்த மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கினர். ‘போர்க்குலம்’ எது என்று அங்கு எவரும் கேட்கவில்லை. பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மருத்துவர். தோட்டத்து லயன்களில் வளர்ந்த இளம்பெண்களும் அவர் படையில் அணிவகுத்தனர்.

அப்படை வென்றதா தோற்றதா என்பது வேறு வினா. நம் பொருளுக்கு உரியது ஒன்றே. தகுதி பிறப்பில் இல்லை. வாய்ப்பிலும் பயிற்சியிலும் இருக்கிறது என்பதை அது கண்முன் காட்டியது.

போரின் பின்னர் இந்நாட்டிலும் கதவு திறந்தது. 1933-இல் 25 இளைஞரோடு போர்ட் டிக்சனில் தொடங்கிய மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1952-இல் எல்லா இனத்தாரும் சேரத்தக்க கூட்டரசுப் படைப்பிரிவு தோன்றியது. அதே ஆண்டில், சர் ஜெரால்டு டெம்பிளரின் காலத்தில், போர்ட் டிக்சனில் உருவான படைத்துறைக் கல்லூரி பின்னர்ச் சுங்கை பீசிக்கு இடம் மாறி, அரச இராணுவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1995-இல் மலேசிய இராணுவக் கழகம் நிறுவப்பட்டது. 2006-இல் அது தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தோட்டத்துப் பிள்ளை அதிகாரியாகும் வழி இவ்வாறு அமைந்தது. அவ்வழியில் மருத்துவர் அறையும் ஒன்று இருக்கிறது.

தேர்வு நாடுவது யாது?

இன்றைய படைத்துறை மருத்துவத் தேர்வு ஒற்றைச் சொல்லில் ‘தகுதி’, ‘தகுதியின்மை’ என்று முடிவதன்று. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் தோன்றி, பிரிட்டனில் விரிவடைந்து, பொதுநலவாய நாடுகளின் படைகளில் பரவிய முறை ஒன்று உண்டு. ‘புல்ஹீம்ஸ்’ என்று அதனை வழங்குவர். எட்டுக் கூறுகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. உடற்கட்டும் தாங்குதிறனும், கையும் தோளும், காலும் இடுப்பும், செவி, வலக்கண், இடக்கண், அறிவுத்திறன், மன உறுதி ஆகியவையே அவ்வெட்டு. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எண் இடுவர். விமானிக்கு வேண்டிய கண்ணின் அளவு வேறு. அலுவலகப் பணிக்கு வேண்டிய அளவு வேறு. எந்தப் பணிக்கு எவர் பொருந்துவர் என்று காண்பதே முறையின் கருத்து.

கண் சோதனைக்கு உதவும் எழுத்துப் பலகையை 1862-இல் ஆலந்து நாட்டு மருத்துவர் ஸ்னெல்லன் அமைத்தார். என் மாணவன் தோற்ற அந்நிறப்புள்ளி நூலின் பிறப்பு இன்னும் நெருக்கமானது. அதனைச் செய்தவர் ஜப்பானியப் படை மருத்துவர் ஷினோபு இஷிஹாரா. படைக்கு ஆள் சேர்க்கும்போது நிறக்குருடரைக் கண்டறிவதற்கென்றே உருவான அத்தட்டுகள் 1917-இல் வெளியாயின. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணாதவர் கொடிக்குறியையும் விளக்குக்குறியையும் பிழைபட அறிவர். அப்பிழை பல உயிர்களைக் கொள்ளும். ஆகவே எண்களை மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று இளைஞர்க்கு அறிவுரை கூறுவது அறமன்று.

ஆயினும் எல்லாக் குறையும் அத்தகையதன்று. சொத்தைப்பல், செவியில் அடைபட்ட அழுக்கு, குருதிச்சோகை, எடைக்குறைவு, எடைமிகுதி போன்றவை காலத்தே கண்டால் நீங்கத்தக்கவை. குடலிறக்கத்துக்கு அறுவை மருத்துவம் உண்டு. மாறாத குறையோ, முன்பே தெரிந்தால் வேறு வழியைத் தேர்ந்துகொள்ள நேரம் தரும். எனவே, தேர்வு நாளில் தெரியவருவதே பெரும் தீங்கு. சிறுவயதில் இழுப்பு வந்ததுண்டா, அறுவை நடந்ததுண்டா என்னும் வினாக்களுக்கு மறையாது விடையளித்தல் வேண்டும். மறைத்துச் சேர்ந்தவன் பயிற்சிக் களத்தில் தன்னையும் தோழரையும் இடருக்கு உள்ளாக்குவான்.

மான்செஸ்டர் தந்த பாடம்

இத்தேர்வு தனிமனிதனை மட்டும் அளப்பதில்லை. அவனை வளர்த்த சமுதாயத்தையும் அளக்கிறது. இதற்கு இங்கிலாந்தின் வரலாறே சான்று. 1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, மான்செஸ்டர் வட்டாரத்தில் 11,000 பேர் படையில் சேர முன்வந்தனர். அவர்களுள் 8,000 பேர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றும், எஞ்சியோருள்ளும் 1,200 பேரே உரிய மார்பளவும் வலிமையும் பெற்றிருந்தனர் என்றும் ஆர்னால்டு வைட் என்பார் 1901-இல் எழுதினார். உலகை ஆண்ட நாட்டின் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் துப்பாக்கி சுமக்க வலுவற்றிருந்தனர்!

அந்நாட்டார் முதலில் இதனை இனத்தின் வீழ்ச்சி என்று அஞ்சினர். 1904-இல் அறிக்கை அளித்த அரசாங்கக் குழுவோ பசி, நெருக்கடியான குடியிருப்பு, கவனிப்பின்மை ஆகியவற்றின்பால் கண்ணைத் திருப்பியது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கச் சட்டம் வந்தது. 1907-இல் பள்ளி மருத்துவச் சோதனைக்கும் சட்டம் வந்தது. படைவாயிலில் கண்ட குறைக்கு மருந்தைப் பள்ளிவாயிலில் தேடினர். நோயை மட்டுமன்றி நோயின் மூலத்தையும் நாட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் காட்டும் நெறியும் இதுவேயன்றோ?

தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டமும், நம் நாட்டில் 1970-களின் இறுதியில் பரவிய பள்ளித் துணையுணவுத் திட்டமும் அவ்வழி வந்தவை என்று கொள்ளலாம். ஒரு குவளைப் பாலும் ஓர் இட்டிலியும் பத்தாண்டு கழித்து ஒரு மார்பளவாக மாறும் என்பது கற்பனையன்று.

நம் கடமை

நம் முன்னோர் பிறர் தேர்ந்தெடுக்க நின்றனர். நம் பிள்ளைகள் தாமே விண்ணப்பித்துச் சென்று நிற்கின்றனர். இரண்டிலும் ஒருவர் உடலை மற்றொருவர் அளக்கின்றார். ஆயினும் முன்னது கூலிக்கு உரிய கையைத் தேடியது. பின்னது நாட்டைக் காக்கும் அதிகாரியைத் தேடுகிறது. இவ்வேற்றுமையை உண்டாக்க மூன்று நான்கு தலைமுறைகள் தேவைப்பட்டன. அதனை ஒரு சொத்தைப்பல்லுக்கும் கவனியாத கண்ணுக்கும் நாம் இழத்தல் தகுமோ?

ஆசிரியர்களிடம் யான் வேண்டுவது பெரிதன்று. கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் மாணவனையும், பின்வரிசையில் இருந்தால் மட்டும் விடை தவறும் மாணவியையும், இலைக்குப் பழுப்பு தீட்டும் பிள்ளையையும் கடியுமுன் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். பெற்றோரை அழைத்துச் சொல்வோம். அரசாங்க மருந்தகம் பாகான் செராயிலும் உண்டு.

மாணவர்களே, படையில் சேரும் விருப்பம் உங்களுக்கு உண்டாயின் விண்ணப்பத்தாள் வரும்வரை காத்திராதீர்கள். உங்கள் கண்ணையும் செவியையும் பல்லையும் குருதியையும் இவ்வாண்டே அறிந்துகொள்ளுங்கள். தோல்வி நேர்ந்தால் அதனைக் குலத்தின் குறையாகவோ பிறப்பின் இழிவாகவோ கொள்ளாதீர்கள். அவ்வாறு எழுதிய பழைய ஏடுகளை உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் 1943-லேயே கிழித்தெறிந்துவிட்டனர்.

என் மாணவன் இன்று வேறொரு தொழிலில் நன்றாகவே வாழ்கின்றான். ஒருமுறை என்னைக் கண்டபோது, “சார், அன்றே தெரிந்திருந்தால் வேறு வழியைத் தேடியிருப்பேனே, அந்தச் சில ஆண்டுகள் வீணாகியிரா” என்றான். குற்றஞ்சாட்டும் குரலில் அவன் அதனைக் கூறவில்லை. ஆயினும் அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை.