அண்டை வீட்டில் குடியேறியவர்கள்: டாயின்பீ ஹாலிலிருந்து நாக்பாடா வரை

ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவிவிட்டு இருட்டும் முன் திரும்புவது ஒரு வகைத் தொண்டு. அவர்கள் வாழும் தெருவிலேயே வீடு பிடித்து, அதே புகையைச் சுவாசித்து, அதே குப்பை நாற்றத்தைச் சகித்து, ஆண்டுக்கணக்கில் அண்டை வீட்டாராக இருந்து உதவுவது இன்னொரு வகை. 1884க்கும் 1910க்கும் இடையில் லண்டனிலும் சிகாகோவிலும் சில நூறு தன்னார்வலர்கள் முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்தார்கள். தொழிற்சாலைச் சட்டம், சிறார் நீதிமன்றம், குழந்தைகள் நலத்துறை, சமூகப்பணிக் கல்வி என்று இன்று நாம் அரசின் கடமையாகவோ பல்கலைக்கழகத்தின் பாடமாகவோ காணும் பலவும் அந்த நகர்வோடு தொடர்புடையவை. உயர்ந்த கொள்கைகளைவிட, அண்டை வீட்டாரின் அன்றாடத் தொல்லைகளைப் பற்றித் திரண்ட நுணுக்கமான அறிவே இந்த மாற்றத்துக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த அறிவைத் தந்தவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த ஏழைகள்.

இதற்கு முந்தைய ஏற்பாடு ‘வருகை’ முறை. ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரம் 1853இல் ஏழை நிவாரணத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஊதியம் பெறாத குடிமக்களிடம் ஒப்படைத்தது. ஒருவர் கையில் நான்கைந்து குடும்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. லண்டனில் 1869இல் தொடங்கிய அறநிலை ஒருங்கிணைப்புச் சங்கம் வருகையை விசாரணையாக மாற்றியது. உதவிக்குத் தகுதியுள்ள ஏழை யார், தகுதியற்றவர் யார் என்று தரம் பிரிப்பதே வருகையாளரின் முதல் வேலையாயிற்று. கதவைத் தட்டுகிறவர் குடிப்பழக்கம் உண்டா, வாடகை பாக்கி எவ்வளவு என்று கேட்டால், கதவைத் திறப்பவர் தன் வாழ்க்கையை உள்ளபடி சொல்வாரா? வருகையாளர்களின் குறிப்பேடுகள் நிரம்பின. ஏழ்மைக்கான காரணங்கள் பற்றிய அறிவு பெரிதாக வளரவில்லை.

சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் இந்தச் சங்கத்தின் பள்ளியில் பயின்றவர்கள்தாம். 1873இல் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் புனித ஜூட் ஆலயப் பொறுப்பை ஏற்றார்கள். பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தது அவர்கள் பார்வையை மாற்றியது. 1883 அக்டோபரில் ஆண்ட்ரூ மேர்ன்ஸ் வெளியிட்ட ஒரு துண்டுநூல் லண்டன் ஏழைகளின் நெருக்கடியான குடியிருப்புகளை விவரித்து நாட்டையே அதிர வைத்தது. அடுத்த மாதம் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் முன் பேசிய பார்னெட் பணம் கேட்கவில்லை. படித்த இளைஞர்கள் வந்து ஏழைகளின் பகுதியில் குடியிருக்க வேண்டும் என்றார். அவ்வாண்டு மார்ச்சில் முப்பது வயதில் மறைந்த பொருளியலறிஞர் ஆர்னால்டு டாயின்பீயின் பெயரால், 1884 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், டாயின்பீ ஹாலில் முதல் குடியிருப்பாளர்கள் தங்கினார்கள். தங்குவதற்கும் உண்பதற்கும் தாங்களே பணம் கட்டினார்கள். பகலில் தத்தம் வேலைக்குப் போய், மாலையில் வகுப்பு, விவாதம், வாடகைத் தகராறு என்று அண்டையாரோடு செலவிட்டார்கள். 1898 முதல் இலவசச் சட்ட ஆலோசனையும் கிடைத்தது.

அவர்கள் எதிர்பார்த்த ஏழை ஆங்கிலேயர். தெருவில் பெருகிக்கொண்டிருந்தவர்களோ இத்திஷ் பேசும் யூதத் தையற்காரர்கள். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து வெடித்த வன்முறைகளிலிருந்து தப்பியவர்களும், பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்களும் கப்பலிலிருந்து இறங்கி நேரே வைட்சேப்பலுக்கு வந்தார்கள். இவர்களுக்கு முதலில் கை கொடுத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிகள் அல்லர் என்பதை வரலாறு எழுதுவோர் பலர் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். சைமன் கோஹன் என்ற ரொட்டி சுடும் தொழிலாளி, புதிதாக வந்தவர்கள் படுக்க இடமும் தின்ன ரொட்டியும் கொடுத்துத் தன்னால் முடிந்த ஒரு புகலிடத்தை நடத்தினார். சுகாதாரம் போதாது என்று சொல்லி யூத சமூகத்தின் செல்வந்தர்கள் அதை மூடச் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே, 1885இல் ஏழை யூதர் தற்காலிகப் புகலிடம் முறையாகத் தொடங்கப்பட்டது. இரண்டு வாரம் வரை அங்கே தங்கலாம். அமைப்பு வருவதற்கு முன்பே அண்டையார் உதவி இருந்தது. அதைக் கண்டுதான் அமைப்பு பிறந்தது. பின்னர் வந்த பல முயற்சிகளிலும் இந்த வரிசை மாறவில்லை.

டாயின்பீ ஹாலின் முக்கியமான விளைவு, அங்கே தங்கியவர்களிடமே நிகழ்ந்தது. சார்லஸ் பூத்தின் மாபெரும் வறுமைக் கணக்கெடுப்பில் உழைத்தவர்களுள் சிலர் இங்கே வாழ்ந்தவர்கள். 1903இல் துணைப் பொறுப்பாளராக வந்த வில்லியம் பெவரிட்ஜ் வேலையின்மையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது இங்கேதான். 1942இல் அவர் பெயரால் வந்த அறிக்கை பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வரைவாயிற்று. பழமைவாதக் குடும்பப் பின்னணியோடு 1905இல் அருகிலுள்ள ஸ்டெப்னியின் சிறுவர் மன்றமொன்றுக்கு வந்த கிளமன்ட் அட்லி, அங்கு கண்டவற்றால் சோஷலிஸ்ட் ஆனார். சில காலம் டாயின்பீ ஹாலின் செயலராகவும் இருந்தார். அந்த அறிக்கையைச் சட்டமாக்கிய பிரதமர் அவர்தான்.

1888 ஜூனில் டாயின்பீ ஹாலைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கப் பெண் இந்த வழிமுறையை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். இல்லினாய் மாநிலத்தின் சீடர்வில்லில் 1860இல் பிறந்த ஜேன் ஆடம்ஸ், கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889 செப்டம்பர் 18 அன்று சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். 1856இல் சார்லஸ் ஹல் கட்டிய வீடு அது. பெயர் அப்படியே ஹல் ஹவுஸ் என்று நிலைத்தது. அன்றைய சிகாகோவில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். ஹல் ஹவுஸைச் சுற்றி இத்தாலியர், ரஷ்ய, போலிஷ் யூதர், பொகீமியர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், கிரேக்கர் என்று பலர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

முதல் ஆண்டுகளின் வேலைப் பட்டியலில் திட்டம் ஏதும் தெரியாது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டினார்கள். திருமணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது மருத்துவச்சியும் வராமல், அண்டையாரும் ஒதுங்கி நிற்க, ஆடம்ஸும் ஜூலியா லாத்ரப்பும் ஓடிப்போய்ப் பேறு பார்த்தார்கள். பின்னாளில் அமெரிக்காவின் குழந்தைகள் நலத்துறைக்கு 1912இல் முதல் தலைவரான லாத்ரப் இவர்தான்.

எல்லாம் வெற்றி பெறவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, வாங்கும் பொருளில் சத்தில்லை என்று கண்ட ஹல் ஹவுஸார், பாஸ்டனில் எலன் ரிச்சர்ட்ஸ் வகுத்த அறிவியல் சமையல் முறையைப் பின்பற்றி ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். மெதுவாக வேகவைத்த, மலிவான, ஊட்டமுள்ள சூப்பும் கூழும் அங்கே கிடைத்தன. அண்டையார் வாங்க வரவில்லை. சத்திருக்கலாம், தங்களுக்குப் பிடித்ததைத்தான் தின்போம் என்பது அவர்கள் நிலை. ஆடம்ஸ் தம் நூலில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இடம் நாளடைவில், கூடிப் பேசும் காப்பிக்கடையாகத்தான் பயன்பட்டது. படித்த நடுத்தர வர்க்கம் தன் பழக்கத்தைக் குடியேறிகள் மேல் திணித்தது என்று இந்த இயக்கத்தின் மீது பிற்கால ஆய்வாளர்கள் வைக்கும் குற்றச்சாட்டுக்குச் சமையலறை நல்ல சான்று. ஆனால் குற்றச்சாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. தெருவில் குடியிருப்பவருக்கு மறுப்பு உடனே எட்டுகிறது. நாளையும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அதனால்தான் 1900இல் தொடங்கிய உழைப்பு அருங்காட்சியகத்தில் பாத்திரங்கள் இடம் மாறின. ஆங்கிலம் தெரியாத, பிள்ளைகளே வெட்கப்பட்ட இத்தாலிய, சிரிய, ரஷ்யத் தாய்மார்கள் அங்கே நூல் நூற்றுக் காட்டும் ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். ஹல் ஹவுஸின் முயற்சிகளில் எனக்கு மிக அருமையானதாகத் தோன்றுவது இதுதான்.

குப்பையின் கதை இன்னும் தெளிவானது. பத்தொன்பதாம் வார்டில் தெருவோர மரப்பெட்டிகளில் குப்பை அழுகிக் கிடந்தது. குழந்தைகள் அதன் மேலேறி விளையாடின. நகராட்சிக்கு எழுதிய முறையீடுகள் பயன் தரவில்லை. 1895இல் ஆடம்ஸ் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. ஆனால் எழுந்த பேச்சில் மேயர் அவரை அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டு ஊதியம் 1,000 டாலர். காலை ஆறு மணிக்கு எழுந்து வண்டிகளின் பின்னாலேயே போய், எத்தனை நடை அள்ளப்பட்டது, எங்கே கொட்டப்பட்டது என்று அவர் சரிபார்த்தார். ஒப்பந்தக்காரர்களும் வார்டு உறுப்பினர் ஜானி பவர்ஸின் ஆட்களும் எரிச்சலடைந்தார்கள். தொண்டு அரசியலாக மாறும் புள்ளி இது. ஒரு குடும்பத்துக்கு மருந்து கொடுப்பது எவரையும் பகைக்காது. நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் யாரேனும் பகையாவார்கள்.

1891இன் இறுதியில் வந்து சேர்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி இந்தத் தேடலை ஆய்வு முறையாக்கினார். தையல் வேலை நடக்கும் வாடகை அறைகளில், குழந்தைகள் நள்ளிரவு வரை பொத்தான் தைப்பதை அவர் நேரில் கண்டார். அவரும் தோழியரும் திரட்டிய தரவுகளின் பலத்தில் 1893இல் இல்லினாய் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. கெல்லியே மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆனார். பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற அதன் பிரிவை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் வெளிவந்த ‘ஹல் ஹவுஸ் வரைபடங்களும் கட்டுரைகளும்’ என்ற நூலின் வண்ணப் படங்கள், வீடு வீடாக யார் எந்த நாட்டினர், வாரக் கூலி எவ்வளவு என்று காட்டின. ஒரு சதுர மைலின் மூன்றில் ஒரு பங்கு நிலப்பரப்பில் 18 நாட்டினர் இருந்தார்கள். 1899இல் சிகாகோவில் தோன்றிய முதல் சிறார் நீதிமன்றத்துக்குப் பின்னும் இதே பெண்களின் உழைப்பு இருந்தது.

புலம்பெயர்ந்தோருக்கென்றே தனி அமைப்பு வந்தது 1908இல். குடியேறியோர் பாதுகாப்புச் சங்கத்தின் இயக்குநராக, ஹல் ஹவுஸில் வாழ்ந்த கிரேஸ் அபட் பொறுப்பேற்றார். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அரசின் கண்காணிப்பு முடிந்துவிடும். அங்கிருந்து சிகாகோவுக்கு ரயிலில் தனியே வரும் இளம்பெண்கள் வழியில் தவறி இறங்கினார்கள். துண்டுச்சீட்டில் எழுதிய முகவரி பிழையாக இருந்தது. நிலையத்துக்கு வெளியே வண்டிக்காரர்களும் தரகர்களும் காத்திருந்தார்கள். சங்கம் எல்லிஸ் தீவிலிருந்து பெயர்ப்பட்டியல் பெற்று, அந்தந்த மொழி தெரிந்த பெண்களை அனுப்பி, வந்தவர் உறவினர் வீடு சேர்ந்தாரா என்று பார்த்தது. நிலையத்தருகே காத்திருப்பு அறையும் திறந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு பறித்து, தொலைதூர ரயில் பாதைப் பணிக்கு ஆட்களை அனுப்பிக் கைவிட்ட தரகு நிறுவனங்களைப் பற்றி அபட் அவ்வாண்டே ஓர் ஆய்வை வெளியிட்டார். வெளிமாநிலத் தொழிலாளர்களை ரயிலடியில் வரவேற்கும் தரகர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த விவரங்கள் அந்நியமாகத் தோன்றா.

அண்டையார் என்ற வட்டத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது, நிறத்தின் எல்லை. ஐரோப்பியக் குடியேறிகளுக்குத் திறந்த பல இல்லங்களின் கதவு, தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களுக்குத் திறக்கவில்லை. அவர்கள் தங்களுக்கான இல்லங்களைத் தாங்களே கட்டினார்கள். அட்லாண்டாவில் 1908இல் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் தொடங்கிய அண்டையர் ஒன்றியம் நகரை வட்டாரங்களாகப் பிரித்து வீடு வீடாகக் கணக்கெடுத்தது. சிகாகோவில் ஐடா பி. வெல்ஸ் 1910இல் ஸ்டேட் தெருவில் படிப்பகமும் படுக்கையும் வேலைவாய்ப்புத் தகவலும் தரும் ஓர் இடத்தை நடத்தினார். 1913இல் நன்னடத்தை அலுவலராகி, அந்தச் சம்பளத்தை அதற்கே கொட்டினார். நிதி வற்றி 1920இல் அது மூடப்பட்டது. ஹல் ஹவுஸுக்குக் கிடைத்த செல்வந்தர் ஆதரவு இவருக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்த இயக்கத்தின் கணக்கில் பற்றாகத்தான் எழுத வேண்டும்.

1910 அளவில் அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட குடியிருப்பு இல்லங்கள் இருந்தன. அதே காலத்தில் சமூகப்பணி ஊதியத் தொழிலாகவும் பட்டப்படிப்பாகவும் மாறியது. சிகாகோவில் 1908இல் உருவான பயிற்சிப் பள்ளி 1920இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1924இன் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவின் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவோரைக் கடுமையாகக் குறைத்தது. ஹல் ஹவுஸில் தங்கி உழைத்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் 1933இல் தொழிலாளர் துறை அமைச்சரானார். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆடம்ஸ் மறைந்தார். ஹல் ஹவுஸ் கட்டடங்களில் இரண்டைத் தவிர மற்றவை 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டன. பல இடங்களுக்குப் பரவிப் பெரும்பாலும் அரசு நிதியை நம்பி இயங்கிய அதன் அமைப்பு 2012 ஜனவரியில் நொடித்து மூடியது.

இந்தியாவுக்கு இந்த மரபு வந்த வழி நம் ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தி, விடுதியை மறுத்து, கிழக்கு லண்டனின் பௌ பகுதியில் மியூரியல் லெஸ்டர் நடத்திய கிங்ஸ்லி ஹால் என்ற இத்தகைய இல்லத்தில் தங்கியது பலர் அறிந்ததே. அதற்கு முன்பே, 1926இல், அமெரிக்க மராத்தி மிஷன் பம்பாயின் நெரிசலான நாக்பாடாவில் நாக்பாடா அண்டையர் இல்லத்தைத் தொடங்கியிருந்தது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர். பத்தாண்டு அனுபவத்தில், இந்த வேலைக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். டாட்டா அறக்கட்டளையின் நிதியில் 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி அந்த இல்லத்திலேயே 20 மாணவர்களோடு தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். மான்ஷார்ட்டுக்குப் பின் அதன் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா, தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர்.

நாக்பாடாவில் வகுப்பும் களமும் ஒரே இடத்தில் இருந்தன. பள்ளி பின்னர் அங்கிருந்து பெயர்ந்து, 1954இல் தேவ்னாரில் தனி வளாகம் கண்டது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னையிலும் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. களப்பணி இன்றும் இப்படிப்பின் கட்டாயப் பகுதி. மாணவர்கள் வாரத்தில் சில நாள் களத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். வைட்சேப்பலிலும் ஹால்ஸ்டெட் தெருவிலும் கைவிடப்பட்ட ‘வருகை’ முறைக்கே இது நெருக்கமானது. திருப்பூரிலோ சென்னைப் புறநகரின் கட்டுமானக் கொட்டகைகளிலோ ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்களுக்கு இடையில் ஒரு மாணவக் குழு ஓராண்டு வீடு எடுத்துத் தங்கட்டும். கூலி எங்கே பிடிக்கப்படுகிறது, ரேஷன் ஏன் கிடைக்கவில்லை, இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை யார் தூக்கிப்போகிறார்கள் என்பனவற்றை அவர்கள் வீடு வீடாக எழுதி, கெல்லி செய்ததுபோல வரைபடத்தில் வண்ணம் தீட்டலாம்.