வலியுல்லா சந்தும் எட்டு மாணவிகளும்

கொல்கத்தா லார்டு சின்ஹா சாலையில் சகாவத் நினைவு அரசினர் மகளிர் உயர்நிலைப் பள்ளி என்றொரு கல்விக்கூடம் உள்ளது. சகாவத் என்பது ஓர் ஆணின் பெயர். பள்ளியைத் தொடங்கி, இருபத்தோராண்டு காலம் தம் தலையில் சுமந்து நடத்திய பெண்மணி, அதற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. மறைந்த கணவரின் பெயரையே வைத்தார். அவர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். நம்மூர்களில் ருகையா என்று பிள்ளைகளுக்கு இடும் அதே பெயர்தான் வங்காள நாவில் ரொக்கையா ஆயிற்று.

இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியிலுள்ள பாய்ராபந்தில், 1880ஆம் ஆண்டு ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். ஆண்பிள்ளைகள் கல்கத்தாவுக்குச் சென்று ஆங்கிலம் கற்ற அவ்வீட்டில், பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதுதலும் சிறிதளவு உருதுவும் போதுமென்று கருதப்பட்டன. வங்காள எழுத்தைப் பெண்கள் கற்பது அக்குடும்பத்தின் தகுதிக்கு இழுக்கு. தந்தையார் உறங்கிய பின்னர், மூத்த சகோதரர் இப்ராஹீம் சாபிர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார். தமக்கை கரீமுன்னிசா வங்காளம் படிக்க ஊக்கமூட்டினார். பிற்காலத்தில் ரொக்கையா தம் நூல்களில் இரண்டினை இவ்விருவருக்கும் காணிக்கையாக்கியதில் வியப்பில்லை.

கோஷா என்பது அக்காலத்து வங்காள, பீகார் செல்வர் வீடுகளில் எவ்வாறிருந்தது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அந்நிய ஆடவரிடமிருந்து விலகியிருத்தல் மட்டுமே அதன் பொருளாக இருக்கவில்லை. ஐந்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, வீட்டுக்கு வரும் அந்நியப் பெண்களின் கண்ணிலும் படாமல் கதவுக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிய வேண்டியிருந்ததை ரொக்கையா எழுதியிருக்கிறார். மார்க்கம் எங்கே இவ்வாறு பணித்தது? இக்கேள்வியை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றிய சையது சகாவத் ஹுசைனுக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். கணவர் உருது பேசுபவர். வயதில் மிக மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். ஆயினும் மனைவி எழுதுவதை அவர் தடுக்கவில்லை. வற்புறுத்தி எழுதச் சொன்னார். ரொக்கையாவின் புகழ்பெற்ற ஆங்கிலக் கதையான ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ அதனை வெளியிட்டது. பெண்கள் ஆட்சி செய்ய, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு நாட்டைப் பற்றிய கற்பனை அது. அடைபட்டிருப்பதன் சுவையை ஆண்களுக்கும் ஒருமுறை காட்டிவிட எண்ணினார் போலும்.

பிறந்த இரண்டு பெண்குழந்தைகளும் சில மாதங்களிலேயே இறந்தன. 1909 மே மாதம் கணவரும் வஃபாத்தானார். பெண்கள் பள்ளி ஒன்றுக்காக அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ரொக்கையா பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பள்ளியைத் தொடங்கிவிட்டார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவுக்கென்று கழித்துக் கணக்கிட்டால், இத்தா முடிந்த ஒரு மாதத்துக்குள் என்று வருகிறது. துக்கத்தை அவர் எவ்வழியில் கடந்தார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கணவர் குடும்பத்தில் எழுந்த சொத்துத் தகராறு அவரைப் பாகல்பூரில் நிலைக்க விடவில்லை. கல்கத்தாவுக்கு வந்து, 1911 மார்ச் 16 அன்று, வலியுல்லா சந்து 13ஆம் எண் வீட்டில் எட்டு மாணவிகளுடன் பள்ளியை மீண்டும் திறந்தார். பள்ளிக்கூடத்தின் வாசற்படியையே மிதித்தறியாத ஒருவர் பள்ளி நடத்த முன்வந்ததை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆசிரியை ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்ல முடியும் என்பதே தொடக்கத்தில் அவருக்குப் புரியாத புதிராக இருந்ததாம். பிரம்ம சமாஜத்தாரும் கிறிஸ்தவரும் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு நடக்கும் முறையைக் கண்டறிந்து வந்தார்.

இன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பணம் போட்டு வைத்திருந்த பர்மா வங்கி முறிந்து, பணம் போயிற்று. கற்பிக்கத் தகுதியுள்ள முஸ்லிம் பெண்கள் கல்கத்தாவில் அரிதாகையால், கயா, ஆக்ரா, மதராஸ் ஆகிய ஊர்களிலிருந்தெல்லாம் ஆசிரியைகளை வரவழைத்தார். முஸ்லிம் பெண்களுக்கென ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென்று ஓயாது கேட்டு, 1919இல் அரசு அதனைத் தொடங்கவும் காரணமானார். கட்டணம் செலுத்த மனமில்லாத வீடுகளில், பிள்ளைகளை அனுப்புங்கள் என்று தாமே சென்று கேட்டார்.

பெண்ணை வீதியில் நடத்தி அனுப்ப யாரும் ஒப்பாத காலம் அது. ஆகவே பள்ளிக்கு வாகனம் இன்றியமையாததாயிற்று. முதன்முதலாக வாங்கிய மோட்டார் பேருந்து முற்றிலும் மூடப்பட்டது. காற்றுக்குச் சிறு வலைத் திறப்புகள் மட்டுமே இருந்தன. முதல் நாளே புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் வாந்தியெடுத்தனர். இருட்டில் சிறுமியர் அழுதனர். மேலே இருந்த அடைப்புகளைத் திறந்து திரைச்சீலை தொங்கவிட்டார் ரொக்கையா. உடனே கடிதங்கள் வந்தன. காற்றில் திரை விலகுகிறது, பர்தா கெடுகிறது, சரிசெய்யாவிடில் உருதுப் பத்திரிகைகளில் பள்ளிக்கு எதிராக எழுதுவோம் என்று அவை மிரட்டின. மூடினால் பிள்ளைகள் மயங்குகின்றனர். திறந்தால் பள்ளி மூடப்படும். இந்த இக்கட்டை அவர் பின்னாளில் ‘அவரோதவாசினி’ என்னும் நூலில் பதிவு செய்தார். அடைபட்ட பெண்களின் 47 நிகழ்ச்சிகளைக் கூறும் அந்நூல் 1931இல் வெளிவந்தது. படிக்கையில் சிரிப்பு வரும். பிறகு அச்சிரிப்பே தொண்டையில் சிக்கும்.

இதைக் கொண்டு அவரைப் பர்தாவின் பகைவர் என்பாரும் உளர், அது பிழை. அவர் புர்கா அணிந்தே வெளியே சென்றார். அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதி, பர்தா கல்விக்குத் தடையன்று, பெண்களுக்கெனத் தனிப் பள்ளிகளும் கல்லூரிகளும் இல்லாமையே தடை என்று வாதிட்டார். மார்க்கம் கூறும் பர்தா வேறு, வழக்கம் விதித்த சிறை வேறு என்பதே அவர் நிலைப்பாடு. அவருடைய தொடக்ககாலக் கட்டுரை ஒன்றில் மதநூல்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் இருந்து, எதிர்ப்பெழுந்தபின் நூலாக்கத்தில் அவற்றை நீக்கினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லா வரிகளையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. கல்வி தேடுதலை ஆணுக்கும் பெண்ணுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடமையாக்கியிருக்க, அக்கடமையைத் தடுப்பவர் யார் என்று அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்றும் மறுமொழி இல்லை.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் அவர் மனம் விளங்கும். குர்ஆன் ஓதுதலும் அதன் விளக்கவுரையும் முதலிடம் பெற்றன. ஆங்கிலம், வங்காளம், உருது, பாரசீகம், நோயாளி பராமரிப்பு, முதலுதவி, சமையல், தையல், உடற்பயிற்சி ஆகியனவும் இருந்தன. பொருள் அறியாமல் கிளிப்பிள்ளைபோல் ஓதுவதில் அவருக்கு உடன்பாடில்லை. மொழிச் சிக்கல் வேறு இருந்தது. கல்கத்தாவின் மேட்டுக்குடி முஸ்லிம்கள் உருதுவையே விரும்பினர். தாய்மொழியான வங்காளத்தில் வகுப்பு தொடங்கியபோது சேர ஆளில்லாமல் அப்பிரிவை மூட நேர்ந்தது. அரபுத் தமிழில் மார்க்க நூல் படித்த பாட்டிமார் வழிவந்த நமக்கு, தாய்மொழியை மார்க்கத்துக்கு அந்நியமெனக் கருதிய அந்த மனப்போக்கு விந்தையாகத் தோன்றும்.

எட்டு மாணவிகள் 1915இல் 84 ஆயினர். 1917இல் அரசப் பிரதிநிதியின் மனைவி செம்ஸ்போர்டு சீமாட்டி பள்ளியைப் பார்வையிட்டார். அதன்பின் ஆகா கான், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சர் அப்துர் ரஹீம் போன்றோரின் ஆதரவும் கிட்டியது. 1930 வாக்கில் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. ரொக்கையா 1916இல் நிறுவிய அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம் என்னும் மாதர் சங்கம், ஏழை விதவையருக்கு உதவியும் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் துணையும் அளித்து வந்தது.

1932 டிசம்பர் 9 அதிகாலை, தம் 52ஆம் வயதில் ரொக்கையா வஃபாத்தானார். முந்தைய இரவு அவர் எழுதிக்கொண்டிருந்த, பெண்ணின் உரிமை பற்றிய கட்டுரை மேசைமேல் முடிவுறாமல் கிடந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே சோத்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடம் இன்று பாணிஹாட்டியிலுள்ள ஒரு பெண்கள் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது.